தாளம் தப்பிய இடத்தில் தாங்கிய கைகள்

1963 ஏப்ரல் 6 அன்று, அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்து நகரில், கிங்ஸ்மென் என்ற இளைஞர் குழு ‘லூயி லூயி’ பாட்டை ஒரே டேக்கில் பதிவு செய்தது. ரிச்சர்ட் பெர்ரி எழுதி 1957-ல் வெளியிட்ட பாட்டு அது. கிங்ஸ்மென் பதிவில் பாடியவர் ஜாக் ஈலி. மைக் தலைக்கு மேலே உயரத்தில் தொங்கியதால் அவர் அண்ணாந்துகொண்டு கத்த வேண்டியிருந்தது. பல்லில் கம்பி வேறு கட்டியிருந்தார். கிதார் தனி வாசிப்பு முடிந்ததும் பாட்டின் அடிப்படை மெட்டு திரும்ப ஒலிக்க வேண்டும், அதன் பிறகே மூன்றாம் சரணத்தை எடுக்க வேண்டும். ஈலி அவ்வளவு நேரம் காத்திராமல் எடுத்துவிட்டார். எடுத்த வேகத்திலேயே தவறு புரிந்து வாயை மூடிக்கொண்டார். டிரம்ஸ் வாசித்த லின் ஈஸ்டன் சட்டென்று ஓர் உருட்டல் போட்டு அந்த வெற்றிடத்தை நிரப்பினார். ஈலி சரியான இடத்தில் மறுபடி எடுத்தார். ஆனால் அவருடைய முதல் எடுப்பை நம்பிக் கணக்கு வைத்திருந்த வாத்தியங்கள் சற்றே தடுமாறிப் பிறகுதான் அவரோடு வந்து சேர்ந்தன. இதில் எதையும் யாரும் திருத்தவில்லை. அப்படியே வெளிவந்த இசைத்தட்டு அந்த ஆண்டு டிசம்பரில் பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது.

பிற்காலத்தில் இந்தப் பாட்டைப் பாடிய குழுக்களில் சில, அந்தத் தவறான எடுப்பையும் சேர்த்தே பாடின. முந்திக்கொள்வது, நிறுத்துவது, மறுபடி எடுப்பது என்று எல்லாவற்றையும் மெட்டைப் பாடம் செய்வதுபோலப் பாடம் செய்துகொண்டன. தவறு எப்படிப் பாட்டின் உறுப்பாகிறது என்ற கேள்விக்குப் பொதுவாக இரண்டு பதில்கள் உண்டு. பிழை மனிதத்தன்மையைக் காட்டுகிறது, அதனால் பிடிக்கிறது என்பது ஒன்று. பணமும் நேரமும் இல்லாததால் விட்டுவிட்டார்கள், கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம் என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது, இரண்டும் போதவில்லை. இப்படிப்பட்ட இடங்களில் நம் காது பற்றிக்கொள்வது தவறை அடுத்து வரும் சமாளிப்பைத்தான் என்பது என் வாதம். கச்சேரியில் பாடகர் எடுப்பைத் தவறவிட்டதும் மிருதங்கக்காரர் ஒரு சிறு கோர்வையை வைத்து அவரைச் சமத்தில் கொண்டுவந்து சேர்த்தால், பழகிய ரசிகர் அதை உடனே பிடித்துக்கொள்வார். அந்த ஒரு நொடியில் மேடையில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது வெளிப்படையாகத் தெரிந்துவிடுகிறது. பிழையே இல்லாத வாசிப்பிலும் அவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அது நம் காதுக்குப் புலப்படுவதில்லை.

இந்த வாதத்துக்கான சான்று ‘லூயி லூயி’ பதிவுக்குள்ளேயே இருக்கிறது. அந்தப் பதிவில் இன்னொரு தவறும் உண்டு. ஏறக்குறைய 54-ஆம் விநாடியில், டிரம்ஸ் குச்சியைத் தவறவிட்ட எரிச்சலில் ஈஸ்டன் கத்திய ஒரு கெட்ட வார்த்தை பின்னணியில் பதிவாகியிருக்கிறது. இந்த வார்த்தைக்கு நேர்ந்த கதை விசித்திரமானது. ஈலியின் உச்சரிப்பு புரியாததால், பாட்டின் வரிகளில் ஆபாசம் ஒளிந்திருப்பதாக இளைஞர்களிடையே வதந்தி பரவியது. 1964-ல் இண்டியானா மாநில ஆளுநர் மேத்யூ வெல்ஷ் வானொலி நிலையங்கள் இதை ஒலிபரப்பாமல் இருக்க முயற்சி எடுத்தார். பெற்றோரின் புகார்கள் வாஷிங்டன் வரை போயின. எஃப்.பி.ஐ. ஆய்வகம் இசைத்தட்டைப் பல வேகங்களில் சுழலவிட்டுக் கேட்டது. நூறு பக்கத்துக்கு மேல் கோப்பு வளர்ந்தது. கடைசியில், எந்த வேகத்தில் கேட்டாலும் சொற்கள் விளங்கவில்லை என்று முடித்துவிட்டார்கள். பதிவில் உண்மையாகவே இருந்த அந்த ஒரே கெட்ட வார்த்தை அவர்கள் காதில் விழவில்லை.

ஒரே பதிவு, ஒரே குழு, இரண்டு பிழைகள். ஒன்றை எல்லோரும் கேட்டார்கள், பின்வந்தவர்கள் சிலர் பிரதி எடுத்தார்கள். மற்றொன்றை அரசாங்கமே தேடியும் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒலி அளவு ஒரு காரணம்தான். கெட்ட வார்த்தை மைக்குக்குத் தள்ளியிருந்தது, எடுப்போ நேரே மைக்கில் விழுந்தது. ஆனால் அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. ஈஸ்டனின் கத்தலுக்கு யாரும் எதிர்வினை செய்யவில்லை. பாட்டு தன்பாட்டுக்குப் போனது. ஈலியின் எடுப்புக்கோ குழு முழுவதும் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. டிரம்ஸ் ஒன்று செய்தது, மற்ற வாத்தியங்கள் இன்னொன்று செய்தன. பிழை மனிதத்தன்மையைக் காட்டுகிறது என்பதுதான் காரணம் என்றால், குச்சியைத் தவறவிட்டுத் திட்டுவதைவிட மனிதத்தன்மை மிகுந்தது வேறு என்ன இருக்க முடியும்?

இன்னொரு சான்றும் அதே ஊரில், அதே மாதத்தில் கிடைக்கிறது. கிங்ஸ்மென் பதிவு செய்த சில நாட்களுக்குள், அதே ஒலிப்பதிவுக் கூடத்தில், அதே பாட்டைப் பால் ரெவியர் அண்ட் தி ரெய்டர்ஸ் குழுவும் பதிவு செய்தது. அது கூடுதல் தேர்ச்சியும் சுத்தமும் உள்ள பதிவு. மேற்குக் கடற்கரைப் பகுதியில் அதுதான் முதலில் முந்தியது. ஆனால் நாடு முழுவதும் பரவி இன்றுவரை நிலைத்தது கிங்ஸ்மென் பதிவு. இதை வைத்துக்கொண்டு பிழையே வெற்றி தந்தது என்று முடிவு கட்டக்கூடாது. ரெய்டர்ஸின் பின்னால் இருந்த கொலம்பியா நிறுவனம் ராக் இசையில் அக்கறை காட்டவில்லை. பாஸ்டனில் ஆர்னி கின்ஸ்பர்க் என்ற வானொலி அறிவிப்பாளர் கிங்ஸ்மென் தட்டை வாரத்தின் மிக மோசமான பாட்டு என்று சொல்லி ஒலிபரப்பப்போய், அதுவே அதற்கு விளம்பரமாகிவிட்டது. சந்தையில் ஒரு பாட்டு ஏறுவதற்கும் இறங்குவதற்கும் நூறு காரணங்கள் உண்டு. எவ்வளவோ பிழைகளோடு வந்து யாராலும் கேட்கப்படாமல் மறைந்த தட்டுகளும் அந்தக் காலத்தில் ஏராளம். தப்பிப் பிழைத்தவற்றை மட்டும் எடுத்து அடுக்கினால் பிழைக்கு மந்திர சக்தி இருப்பதுபோலத்தான் தோன்றும். ஆகவே வெற்றியை அளவுகோலாகக் கொள்ளாமல், பிழை நிகழ்ந்த இடத்துக்குள் காதைச் செலுத்தி அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்பதே சரியான வழி.

அப்படிப் பார்க்க மிகவும் ஏற்றது ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு 1960 பிப்ரவரி 13 அன்று பெர்லின் டாய்ச்லாண்ட்ஹாலே அரங்கில் பாடிய ‘மேக் தி நைஃப்’. குர்ட் வைல் இசையமைத்து பெர்டோல்ட் பிரெக்ட் எழுதிய 1928-ஆம் ஆண்டு நாடகப் பாட்டு அது. லூயி ஆம்ஸ்ட்ராங்கும் பாபி டாரினும் ஆங்கிலத்தில் பாடிப் புகழ்பெறச் செய்திருந்தார்கள். ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வரும், போகப்போகச் சுருதி அரைப்படி அரைப்படியாக ஏறும், கதை மட்டும் வளரும். சொல் மறந்தால் ஒளிய இடமே இல்லாத கட்டமைப்பு. நடுவில் எல்லாவுக்குச் சொற்கள் மறந்துபோயின. அவர் நிறுத்தவில்லை. மறந்துபோனதையே மெட்டுக்குள் சொல்லாக்கினார். இதற்கு முன் பாடியவர்களின் பெயர்களை இழுத்துக்கொண்டார். ஆம்ஸ்ட்ராங்கின் கரகரப்புக் குரலைப் போலச் செய்தார். பொருளற்ற அசைகளால் சரணத்தைக் கட்டினார். பின்னணியில் பால் ஸ்மித்தின் பியானோ, ஜிம் ஹாலின் கிதார், வில்ஃபிரட் மிடில்புரூக்ஸின் பேஸ், கஸ் ஜான்சனின் டிரம்ஸ். பாடகியிடமிருந்து அடுத்து என்ன வரும் என்று தெரியாத நிலையிலும் இந்த நால்வரும் சுருதி ஏற்றங்களைக் குறித்த இடங்களில் வைத்துக்கொண்டே போகிறார்கள். அவர்கள் பிடி தளர்ந்திருந்தால் பாட்டு சிதறியிருக்கும். பிடி தளராததால்தான் எல்லாவால் விளையாட முடிந்தது. இதை ஒரு பாடகியின் சாதுரியம் என்று மட்டும் சொல்வது நால்வரின் உழைப்பை மறைப்பதாகும். தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ் இதை வெட்டாமல் தட்டில் சேர்த்தார். அடுத்த ஆண்டு கிராமி விருது வழங்கப்பட்டபோது, பெண் பாடகர் பிரிவில் விருது இந்தப் பாட்டுக்கே கிடைத்தது.

பணமின்மை என்ற விளக்கத்துக்கு வருவோம். இதற்குக் கணிசமான வலு உண்டு. பீட்டில்ஸ் குழுவின் முதல் ஆல்பத்துக்கான பத்துப் பாடல்கள் 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் பதிவாகின. அப்படிப்பட்ட வேகத்தில் பிசிறுகள் தங்குவது இயல்புதான். அதே குழுவின் ‘ப்ளீஸ் ப்ளீஸ் மீ’ பாட்டில் மோனோ வடிவம் சுத்தமாக இருக்கிறது. ஸ்டீரியோ வடிவத்தில் கடைசிச் சரணத்தில் ஜான் லென்னன் சொல்லை மாற்றிப் பாடிவிடுகிறார், அடுத்து வரும் அடியில் அவர் சிரிப்பை அடக்குவது கேட்கிறது. 1963-ல் மோனோதான் முதன்மை. வானொலியும் சிங்கிள் தட்டும் அதை நம்பியிருந்தன. ஸ்டீரியோ வடிவத்தை வேறு டேக்குகளிலிருந்து ஒட்டி அமைக்க வேண்டியிருந்தது, அதற்குக் கிடைத்த கவனமும் குறைவு. ‘இஃப் ஐ ஃபெல்’ பாட்டின் ஸ்டீரியோ வடிவத்தில் பால் மெக்கார்ட்னியின் குரல் உச்சத்தில் உடைவதும் மோனோவில் அது கேட்காததும் இந்த வகைதான். எங்கே கவனம் கூடுகிறதோ அங்கே பிழை குறைகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆவணம் கிடைப்பது அரிது.

ஆனால் ஐந்து ஆண்டுகள் கழித்து அதே குழுவைப் பாருங்கள். 1968-ல் அவர்களுக்கு நேரத்துக்கும் பணத்துக்கும் குறைவில்லை. ‘ஓப்-லா-டி, ஓப்-லா-டா’ பாட்டைப் பல நாட்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்து கூட இருந்தவர்களைச் சலிப்படைய வைத்தார்கள். அதே ஜூலையில் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமரிக் அவர்களோடு வேலை செய்வதையே விட்டுப் போனார். அத்தனை உழைப்புக்குப் பிறகும் கடைசிச் சரணத்தில் கணவன் பெயரும் மனைவி பெயரும் இடம்மாறிக் கிடக்கின்றன. மெக்கார்ட்னி தவறிப் பாடியது மற்றவர்களுக்குப் பிடித்துப்போக, அப்படியே விட்டுவிட்டார்கள். அடுத்த சில வாரங்களில் எட்டு டிராக் வசதி கொண்ட டிரைடென்ட் கூடத்தில் பதிவான ‘ஹே ஜூட்’ பாட்டில், மூன்றாம் நிமிடத்தை நெருங்கும் இடத்தில் ஒரு வசைச்சொல் மெல்லக் கேட்கிறது. அதைச் சொன்னது லென்னனா மெக்கார்ட்னியா என்பதில் கூட இருந்தவர்களே ஒத்துப்போவதில்லை. அது அங்கே இருப்பதில் மட்டும் ஐயமில்லை. மறுபடி பாட நேரம் இல்லாமல் இவை தங்கவில்லை, கேட்டுப் பார்த்து வைத்துக்கொள்ளப்பட்டன. ஏழ்மை பிழையை அனுமதிக்கும். வைத்துக்கொள்ளும் முடிவை ஏழ்மையால் விளக்க முடியாது.

என் வாதத்துக்கு எதிராக வரக்கூடிய வலுவான எடுத்துக்காட்டு, தி மாமாஸ் அண்ட் தி பாப்பாஸ் குழுவின் ‘ஐ சா ஹர் அகெய்ன்’. 1966-ல் வெளிவந்த இந்தப் பாட்டின் பிற்பகுதியில், டென்னி டோஹர்ட்டியின் குரல் இடத்துக்கு முன்பே எழுந்து, அறுபட்டு, பிறகு சரியான இடத்தில் முழுசாக வருகிறது. கேட்பவர்கள் பாடகர் முந்திக்கொண்டார் என்றே நினைப்பார்கள். உண்மையில் தவறியது பொறியாளர் போன்ஸ் ஹவ்வின் கை. குரல்களை இணைக்கும்போது பதிவுப் பொத்தானை முன்கூட்டியே அழுத்திவிட்டார். டேப்பைப் பின்னே ஓட்டிச் சரியான இடத்தில் மறுபடி சேர்த்தார். ஆனாலும் முதல் முறை பதிவான துண்டு அழியாமல் கேட்டது. இங்கே ஒருவர் தவறை இன்னொருவர் அந்த நொடியிலேயே தாங்கவில்லை. வாத்தியங்கள் எல்லாம் எப்போதோ வாசித்து முடிக்கப்பட்டவை. அப்படியானால் சமாளிப்பு எங்கே? தயாரிப்பாளர் லூ ஆட்லரின் காதில். திரும்ப ஒலிக்கவிட்டபோது, தயங்கித் தயங்கி மீண்டும் அதே ஆசையில் விழும் மனிதனைப் பற்றிய பாட்டுக்குப் பொருந்தும் அந்த அறுந்த எடுப்பு அவருக்குப் பிடித்துப்போனது, வைத்துக்கொள்ளச் சொன்னார். ஈஸ்டன் கையால் அரை நொடியில் செய்ததை ஆட்லர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நிதானமாகச் செய்தார். இரண்டிலும் நடப்பது, தவறி விழுந்த ஒன்றை ஒருவர் கேட்டு அதற்கு இடம் பண்ணிக்கொடுப்பது.

இந்த இடம் பண்ணிக்கொடுத்தல் ஆண்டுக்கணக்கிலும் நீளலாம். நாஷ்வில் நகரில் பதிவான மார்ட்டி ராபின்ஸின் ‘டோன்ட் வரி’ 1961-ல் வெளிவந்து நாட்டுப்புற இசைப் பட்டியலில் பத்து வாரம் முதலிடத்தில் இருந்தது. மென்மையான அந்தக் காதல் பாட்டின் நடுவே கிரேடி மார்ட்டினின் ஆறு நரம்பு பேஸ் கிதார் திடீரென்று கிழிபட்ட ஒலியில் ரீங்கரிக்கும். ஒலிப்பதிவு மேசையில் ஒரு பகுதி பழுதானதால் வந்த விளைவு அது. வைப்பதா நீக்குவதா என்று அறைக்குள் கருத்து வேறுபாடு இருந்தது, கடைசியில் வைத்தார்கள். பொறியாளர் கிளென் ஸ்னோடி அத்தோடு விடவில்லை. அந்தப் பழுதான பாகத்தைப் பத்திரப்படுத்தினார். வேறு கலைஞர்கள் அதே ஒலியைக் கேட்டு வந்தபோது, அந்தப் பழுதை டிரான்சிஸ்டர்களைக் கொண்டு வேண்டும்போது உண்டாக்கும் சுற்று ஒன்றை வடிவமைத்தார். அதை கிப்சன் நிறுவனம் 1962-ல் ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற மிதிகருவியாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதல் சில ஆண்டுகள் அதைச் சீந்துவார் இல்லை. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ பாட்டில் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதித்தார். பின்னால் ஊதுவாத்தியங்கள் வாசிக்க வேண்டிய பகுதிக்குத் தற்காலிகக் குறிப்பாகத்தான் அவர் அதை வாசித்திருந்தார், ஆனால் அதுவே வெளியானது. கருவிக்குக் கிராக்கி ஏற்பட்டது. இன்று உலகம் முழுதும் எலெக்ட்ரிக் கிதாரின் இயல்பான குரல் என்று நாம் எண்ணும் ஒலிக்கு வழி திறந்தவற்றில் ஒன்று, நாஷ்வில் மேசையில் பழுதான ஒரு பாகம்.

பிழைக் கதைகளை நம்பலாமா என்ற ஐயம் நியாயமானது. இசை வரலாற்றில் இனிய விபத்துகளாகச் சொல்லப்படுபவை எல்லாம் நடந்தவை அல்ல. லூயி ஆம்ஸ்ட்ராங் 1926 பிப்ரவரி 26 அன்று சிகாகோவில் ஓகே நிறுவனத்துக்காக ‘ஹீபி ஜீபீஸ்’ பாடும்போது வரிகள் எழுதிய தாள் கைநழுவி விழுந்தது, அதனால் அசைகளை இட்டுப் பாடினார், அப்படியே ‘ஸ்காட்’ முறை பிறந்தது என்று பல தலைமுறைகளாகச் சொல்லி வருகிறார்கள். அதற்கு முன்பே அப்படிப் பாடியவர்கள் உண்டு. தவிரவும் ஆம்ஸ்ட்ராங்கின் அசைகள் மெட்டின் மேல் அமர்ந்திருக்கும் விதத்தில் பதற்றத்தின் சுவடு இல்லை. அது மெழுகுத் தட்டில் நேரடியாக வெட்டிப் பதித்த காலம். தவறினால் மெழுகைத் தூக்கி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும், திருத்த வழியில்லை. எனவே தேர்ந்த கலைஞர்கள் தயாராகவே வந்தார்கள். இந்தக் கதை நிலைத்ததற்குக் காரணம், விழுந்த தாளையும் அதைப் பொருட்படுத்தாத குரலையும் கேட்பவர்கள் மனதில் காண விரும்பியதுதான் என்று தோன்றுகிறது. அந்த விருப்பத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வரலாறு எழுதும்போது, தட்டில் காதால் கேட்டு உறுதி செய்யக்கூடிய தடுமாற்றத்தையும் வாய்வழியாக வந்த கதையையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது. எல்லாவின் மறதி தட்டில் இருக்கிறது. ஆம்ஸ்ட்ராங்கின் தாள் இல்லை.

இன்னொரு கோணத்தில் வரும் மறுப்பு கூர்மையானது. கனடாவின் பியானோ மேதை கிளென் கூல்ட் 1964-ல் மேடையை அடியோடு கைவிட்டார். 1966-ல் எழுதிய நீண்ட கட்டுரையில், டேப்பை வெட்டி ஒட்டுவது கலைஞனுக்குக் கிடைத்த விடுதலை என்று வாதிட்டார். மேடைத் தடுமாற்றத்தையும் தப்பிப்பையும் கொண்டாடுவது கூத்தாட்டத்தைக் கொண்டாடுவதுதான் என்பது அவருடைய பார்வையின் சாரம். அவர் தந்த எடுத்துக்காட்டு பாக்கின் ஏ மைனர் ஃபியூக். ஆறாவது டேக்கும் எட்டாவது டேக்கும் தனித்தனியே குறையற்றவை, ஆனால் ஒவ்வொன்றும் முழு நீளத்துக்கும் ஒரே குணத்தில் இருந்தன. இரண்டையும் ஒட்டியபோதுதான் அந்த இசைக்கு வேண்டிய வளைவு கிடைத்தது. இதை மறுக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனால் கவனித்துப் பார்த்தால், கூல்ட் அங்கே நீக்கியது பிழையை அல்ல. இரண்டு நல்ல டேக்குகளை மறுபடி மறுபடி கேட்டு, ஒன்றுக்கு மற்றொன்று பதில் சொல்லும் இடத்தைக் கண்டுபிடித்தார். ஆட்லர் செய்ததும் இதே வகை வேலை. வெட்டி ஒட்டுவதும் பிழையை வைத்துக்கொள்வதும் எதிரெதிர் கட்சிகள் அல்ல என்பதற்கு கூல்டின் பதிவுகளே சாட்சி. வாசிக்கும்போது அவர் தன்னையறியாமல் முணுமுணுக்கும் குரல் பல தட்டுகளில் பாக்கோடு சேர்ந்தே கேட்கிறது.

எல்லாப் பிழைகளுக்கும் இந்த மதிப்பு உண்டு என்று நான் சொல்லவில்லை. 1978-ல் வந்த தி போலீஸ் குழுவின் ‘ராக்சேன்’ தொடக்கத்தில் ஸ்டிங் தவறிப் பியானோ மேல் உட்கார்ந்த ஓசையும் சிரிப்பும் கேட்கின்றன. லெட் செப்பலின் குழுவின் 1970-ஆம் ஆண்டுப் பாட்டு ‘சின்ஸ் ஐவ் பீன் லவிங் யூ’ நெடுக ஜான் போனமின் டிரம்ஸ் மிதி கிறீச்சிடுகிறது. ஒவ்வொரு முறை கேட்கும்போதும் அது இன்னும் சத்தமாகிறது என்று ஜிம்மி பேஜே பின்னாளில் குறைப்பட்டுக்கொண்டார். இவை அறையின் ஓசைகள். முதலாவது கேட்க இதமாக இருக்கிறது, இரண்டாவது தொந்தரவு. பாட்டு இவற்றுக்கு எதுவும் செய்வதில்லை, இவையும் பாட்டுக்கு எதுவும் செய்வதில்லை. ரசிகர்கள் சேகரித்துப் பட்டியலிடும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த இனம்தான், அவற்றைப் பற்றி அதிகம் சொல்ல ஏதுமில்லை.

ஈலியின் தவறுபோன்ற தவறுகள் ஏன் பிற்காலத்தில் அருகிப்போயின என்பதைத் தொழில்நுட்பம் விளக்குகிறது. கிங்ஸ்மென் குழுவினர் ஓர் அறையில் ஒரே நேரத்தில் வாசித்தார்கள். ஒருவர் மைக்கில் மற்றவர் ஒலி கசிந்தது. பல டிராக் பதிவு பரவிய பிறகு டிரம்ஸ் திங்கட்கிழமையும் குரல் வியாழக்கிழமையும் பதிவாகலாம் என்றாகிவிட்டது. வியாழக்கிழமை பாடகர் முந்திக்கொண்டால் திங்கட்கிழமை டிரம்ஸ் அவருக்கு உதவ முடியாது. காதில் ஒலிக்கும் கிளிக் ஓசையின் தாளத்துக்கு ஒவ்வொருவரும் தனித்தனியே கட்டுப்பட்டார்கள். 1997-ல் வந்த ஆட்டோ-டியூன் சுருதியைச் சரிசெய்தது. கணினிப் பதிவு மென்பொருள்கள் ஒவ்வோர் அடியையும் கட்டத்துக்குள் நகர்த்திவைத்தன. இப்படி வந்த இசை உயிரற்று ஒலிப்பதாகத் தோன்றியதால், அதே மென்பொருள்களில் அடிகளைச் சற்றே முன்பின்னாகக் கலைத்துப்போடும் வசதியையும் சேர்த்தார்கள். இங்கேதான் ‘மனிதத்தன்மை’ என்ற விளக்கத்தின் போதாமை வெட்டவெளிச்சமாகிறது. எதேச்சையாகக் கலைப்பதால் மனித வாசிப்பு வந்துவிடாது. ஹோல்கர் ஹென்னிக் என்ற இயற்பியலாளர், இருவர் இருவராகச் சேர்ந்து தாளம் தட்டவைத்து அளந்து, 2014-ல் ஆய்வு முடிவுகளை வெளியிட்டார். ஒருவர் அடி எங்கே விழுகிறது என்பது இருவருடைய முந்தைய விலகல்களையும் சார்ந்திருக்கிறது, அந்தச் சார்பு சில நொடிகளோடு முடியாமல் நிமிடக்கணக்கில் நீள்கிறது என்று அவர் கண்டார். அதாவது சேர்ந்து வாசிப்பவர்களின் சிறு பிசகுகள் ஒன்றையொன்று நினைவில் வைத்திருக்கின்றன. ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனியே கலைத்துவிடும் கணினிக்கு இந்த நினைவு இல்லை. ஈலிக்கும் ஈஸ்டனுக்கும் இடையே காதுக்குத் தெரியும்படி ஒருமுறை நடந்தது, நல்ல குழு வாசிப்பில் காதுக்குத் தெரியாத அளவில் எப்போதும் நடந்துகொண்டே இருக்கிறது.

பழைய பதிவுகளை என்ன செய்வது என்பது இப்போது வெறும் ரசனைக் கேள்வியாக இல்லை. ஒரே டிராக்கில் கலந்துகிடக்கும் குரலையும் வாத்தியங்களையும் கணினியால் பிரித்தெடுக்க முடிகிறது. 2022-ல் மறுகலவை செய்து வெளியிட்ட பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ தொகுப்பும், லென்னனின் பழைய கேசட்டிலிருந்து குரலை மட்டும் பிரித்து 2023-ல் வெளிவந்த ‘நவ் அண்ட் தென்’ பாட்டும் இந்த முறையால் ஆனவை. கருவி நல்லது. அமுங்கிக்கிடந்த வாசிப்புகள் இதனால் வெளிச்சத்துக்கு வருகின்றன. ஆனால் அறுபது ஆண்டுப் பழமையான தடுமாற்றத்தைத் துடைத்தெடுக்கவும் இதே கருவி போதும். கலைஞரே வெட்கப்பட்ட பிழையைத் திருத்தினால் என்ன குற்றம் என்று கேட்கலாம். கலைஞர் உயிரோடிருந்து கேட்டால், புதிய வடிவம் என்று பெயரிட்டு வெளியிடலாம், பழையதைப் புழக்கத்திலிருந்து எடுக்காமல். அதற்கு மேல் போகக் கூடாது என்பதற்கு, ரோலிங் ஸ்டோன்ஸ் 1969-ல் வெளியிட்ட ‘கிம்மி ஷெல்டர்’ ஒன்றே போதுமான காரணம். கர்ப்பிணியாயிருந்த மெரி கிளேட்டனை இரவு நேரத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் கூடத்துக்கு அழைத்துப் பாடவைத்தார்கள். உச்சத்தில் அவர் குரல் உடைகிறது. உடைந்த அந்தக் கணத்தில் பின்னணியில் ஒருவர் வியந்து கூவுவது மங்கலாகக் கேட்கிறது. அது மிக் ஜாகர் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. உடைந்த சுரத்தை ஒட்டிச் சரிசெய்ய இன்றைய மென்பொருளுக்குச் சில நொடிகள் போதும். ஒட்டிவிட்டால் பின்னாலிருந்து எழும் கூவல் எதற்காக என்று அடுத்த தலைமுறைக்குத் தெரியாது, அதையும் இரைச்சல் என்று நினைத்து அழித்துவிடுவார்கள்.